தொட்டிலும் விரிப்பும்

அரபு மொழியில் தொட்டிலுக்கு ‘மஹ்து’ என்று பெயர். விரிப்புக்கு ‘மிஹாது’ என்று பெயர். இரண்டும் ஒரே வேரினின்று கிளைத்த சொற்கள். சமனாக்கி விரித்தல் என்பது அவ்வேரின் பொருள். மாணவர்களுக்கு இதனைக் கற்பிக்கும்போதெல்லாம், சேய் உறங்குமிடமும் தாய் உறங்குமிடமும் அண்மையானவை என மொழியே சொல்வதாக நமக்குத் தோன்றும்.

ஆயினும் நம் இல்லத்தில் அது ஒரு கேள்வியாகவே எழுந்தது. நம் மருமகள் மருத்துவர். தருமபுரி மாவட்டத்தில் தனியார் மருத்துவமனையொன்றில் பணிபுரிகிறார். பேத்தி பிறந்ததும் நம் இல்லத்தரசியார் வழக்கம்போல் தாய்க்கும் சேய்க்கும் ஒரே பாய் விரித்தார். மருமகள் தயங்கினார். குழந்தை தாயின் அறையில் உறங்கட்டும், தாயின் படுக்கையில் வேண்டாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் அறிவுரை. உறக்கத்திலேயே குழந்தையின் மூச்சு நின்றுவிடலாம் என்னும் அச்சம் அதற்குக் காரணம்.

இவ்வச்சத்தை எள்ளி ஒதுக்க நம் மாவட்டத்தாரால் இயலாது. 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சில நாட்களுக்குள் பச்சிளங்குழந்தைகள் பலர் இறந்தனர். காரணங்கள் வேறாயினும், எடை குறைந்து பிறந்த சிசுவின் மூச்சு எத்துணை மெல்லிய இழை என்பதை அந்நாட்களில் ஊரே கண்டது.

மறுபக்கமும் உண்டு. ஜேம்ஸ் மெக்கென்னா என்னும் மானிடவியலாளர் பாலூட்டும் தாயும் சேயும் சேர்ந்துறங்குவதைப் பல்லாண்டு ஆராய்ந்தவர். அருகில் உறங்கும் சேய் அடிக்கடி பால் அருந்துகிறது. இருவர் உறக்கமும் இலேசாகவே இருக்கிறது என்றார் அவர். தாய்ப்பால் மருத்துவத்திற்கான சர்வதேச மருத்துவர் அமைப்பொன்று 2020-இல் வெளியிட்ட நெறிமுறையும், பாலூட்டும் தாய் சேர்ந்துறங்குவதை முற்றாக விலக்கவில்லை. ஆபத்துகளை விலக்கச் சொல்கிறது. புகைப்பழக்கம், மது, மயக்க மருந்து, மெத்தென்ற சாய்விருக்கை, குறைமாதப் பிறப்பு, எடைக்குறைவு ஆகியன அவ்வாபத்துகள்.

மருமகள் இரண்டையும் எடைபோட்டார். பேத்தி நிறைமாதத்தில் நல்ல எடையுடன் பிறந்தவள். எனவே தரையில் பாய்; தலையணையில்லை, கனத்த போர்வையில்லை, குழந்தை மல்லாந்தே கிடக்கும், தாயன்றி வேறெவரும் அப்பாயில் இல்லை. விடுப்புக் காலம் இவ்வாறு கழிந்தது.

பணிக்குத் திரும்பியபின் நிலை மாறிற்று. இரவெல்லாம் விழித்துக் கண்காணித்துவிட்டு வருபவரின் உறக்கம் இலேசான உறக்கமன்று. கல்லாய்க் கிடக்கும் உறக்கம். ‘அன்றைக்கு என்னை நம்பாதீர்கள் மாமா’ என்றார். நேற்றுவரை காவலாயிருந்த அதே தாய், அதே பாய், இன்று ஐயத்திற்குரியதாயிற்று. அவ்விரவுகளில் அவர் பாலூட்டியதும் நம் மகன் குழந்தையை எடுத்து, அருகே தனி விரிப்பில் கிடத்துவான். பகலில் கறந்து குளிர்பெட்டியில் வைத்த பாலை இல்லத்தரசியார் பாலாடையால் புகட்டுவார். பிரசவ அறையில் பிற தாய்மார்க்குப் பாலூட்டக் கற்பிப்பவரின் குழந்தை, வீட்டில் பாட்டியின் மடியில் தாய்ப்பால் அருந்தியது இப்படித்தான்.

பால்குடியை நிறைவுசெய்ய விரும்புவோர்க்கு இரண்டு முழு ஆண்டுகள் என்கிறது திருமறையின் அல்பகரா அத்தியாயம். உலகச் சுகாதார நிறுவனமும் முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், பின்னர் பிற உணவுடன் 2 ஆண்டும் அதற்கு மேலும் என்கிறது. 2017-இல் திருத்தப்பட்ட நம் நாட்டுச் சட்டம் முதலிரு குழந்தைகளுக்குத் தரும் விடுப்போ 26 வாரம். இரண்டாண்டில் ஏறத்தாழக் கால்பங்கு. எஞ்சிய முக்கால்பங்கை யார் சுமப்பது?

அதே வசனத்தை ஊன்றி ஓதுவோர்க்கு விடை கிடைக்கும். அது தாயோடு மட்டும் பேசவில்லை. தாயைப் பேணும் பொறுப்பைத் தந்தைமீது சுமத்துகிறது. குழந்தையின் பொருட்டுத் தாய் துன்புறுத்தப்படலாகாது என எச்சரிக்கிறது. பால்குடி மறக்கச் செய்வதைக்கூட இருவரும் கலந்தாலோசித்தே முடிவு செய்யச் சொல்கிறது.

நம் பெண்மக்களை மருத்துவராக்கப் பெருமையுடன் பொருள் செலவிடுகிறோம். அவர்கள் தாயாகும்போது, ‘பால் வற்றிவிட்டதா? வேலையை விடு’ என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். அதைச் சொல்லுமுன், இரவில் ஒருமுறை எழுந்து குழந்தையை வாங்கிக்கொள்ள வீட்டு ஆண்கள் ஆயத்தமா என்று நாம் கேட்டுக்கொள்வது நலம்.