நாற்றங்கால் தெரியாத விவசாயி

எனக்கு விவசாயம் தெரியாது என்று ஒரு விவசாயியிடம் பொய் சொன்னேன். அவருடைய நாற்றங்காலை மிதித்துவிட்டு, பழியிலிருந்து தப்பிப்பதற்காகச் சொன்ன பொய். கடலுக்கு அந்தப்பக்கம் நடந்தது, ஊரில் யாருக்கும் தெரியாது என்று இதை எழுதாமலே விட்டிருக்கலாம். ஆனால் இதைவிடச் சின்னத் தப்புக்கெல்லாம் மற்றவர்களை நான் நடுரோட்டில் நிறுத்திவைத்துக் கேட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர் கொண்டப்பநாயக்கன்பட்டி. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகிறவர்கள் கோரிமேட்டைத் தாண்டி, மலை ஏறுவதற்கு முன்னால் பார்க்கிற ஊர். பார்க்கிற என்பதைவிட, கடக்கிற ஊர். சனி, ஞாயிறில் கார் வரிசை கட்டும். மே மாதக் கோடை விழா என்றால் சொல்லவே வேண்டாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்கு முன் எல்லோருக்கும் ஒருதரம் வண்டியை நிறுத்திக் காலை நீட்ட வேண்டும். நிறுத்துகிற இடம் எங்கள் காட்டோரம். பீர் பாட்டிலை வரப்புக் கல்லில் உடைத்துவிட்டுப் போவார்கள். சேர்வராயன் மலை பின்னால் தெரியப் படமெடுக்க வேண்டும் என்று தக்காளிப் பாத்திக்குள் இறங்குவார்கள். கேட்டால், "நாங்க சிட்டிங்க, தெரியாதுங்க" என்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்கு உச்சிக்கு ஏறும். சோறு தின்னத் தெரிகிறதல்லவா என்று ஒருவரிடம் கேட்டு அது கைகலப்பு வரை போயிருக்கிறது.

அப்படிப்பட்ட நான் ஒரு ஜனவரியில் அந்தமானுக்குச் சுற்றுலா போனேன். ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னை, அங்கிருந்து விமானத்தில் போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்), பிறகு கப்பலில் நீல் தீவு. மனைவி, மகள், புனேயில் பல வருஷம் வேலை பார்த்து இந்தி பேசுகிற மச்சான் என்று நால்வர். கப்பலில் சென்னைக்காரக் குடும்பங்கள் இரண்டு பழக்கமாயின. ஐ.டி. வேலைக்காரர்கள். "சார் என்ன பண்றீங்க?" என்றார் ஒருவர். "ரியல் எஸ்டேட்" என்றேன். எங்கள் பக்கம் நிலம் வைத்திருக்கிறவன் எல்லாம் சதுர அடிக் கணக்குப் பேசுகிறவன்தான், அதனால் முழுப் பொய் இல்லை என்று மனசுக்குள் ஒரு சமாதானம் வேறு. அன்றைக்கு நான் நிறையப் பேசினேன். இந்தத் தீவுக்குப் பெயர் கொடுத்த நீல், 1857 கலவரத்தில் கண்மண் தெரியாமல் ஆட்களைக் கொன்ற வெள்ளைக்காரத் தளபதி. அவனுக்குச் சென்னை மவுன்ட் ரோட்டில் சிலை இருந்தது. அதை எடுக்கச் சொல்லி 1927-ல் போராட்டம் நடந்தது. கடைசியில் 1937-ல் ராஜாஜி ஆட்சிதான் அதைப் பெயர்த்து அருங்காட்சியகத்துக்கு அனுப்பியது. "எங்க சேலத்துல வக்கீலா இருந்தவருங்க, முனிசிபாலிட்டி சேர்மனா இருந்தவருங்க" என்று ஊர்ப் பெருமையையும் சேர்த்துவிட்டேன். தீவுக்கு 2018-ல் ஷஹீத் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆனாலும் எல்லோர் வாயிலும் நீல்தான்.

சின்னத் தீவு. நீல் கேந்திராவைத் தவிர, சீதாபூர், பரத்பூர், ராம்நகர், லட்சுமண்பூர் என்று ராமாயணப் பெயர்களாகவே ஊர்கள். பரத்பூரில் பவளப்பாறை, லட்சுமண்பூரில் சூரிய அஸ்தமனம், சீதாபூரில் உதயம் என்று ஜனங்கள் கரையோடு கரையாகப் பார்த்துவிட்டு அடுத்த கப்பலைப் பிடிக்கிறார்கள். கரைகளுக்கு நடுவே இருப்பதெல்லாம் விவசாயம். 1960-களில் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்த வங்காளிகளை இங்கே குடியேற்றினார்கள். அவர்கள் காட்டை அழித்து உண்டாக்கிய பூமி. நெல், வாழை, பாக்கு, தென்னை, அப்புறம் வகைவகையாகக் காய்கறி. போர்ட் பிளேர் சந்தைக்கு இங்கிருந்து கப்பலேறும். அந்தமானில் வருஷத்துக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, எங்களுக்குப் பெய்வதைப் போல மூன்று பங்கு. ஆனால் ஆறு கிடையாத தீவில் ஜனவரிக்கு மேல் குட்டைத் தண்ணீரை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். இதெல்லாம் எனக்கு ஸ்கூட்டரில் போகும்போதே கண்ணில் பட்டது. குட்டையின் மட்டத்தைப் பார்த்ததுமே இன்னும் எத்தனை தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டேன்.

சீதாபூர்ப் பக்கம் ஒரு தோட்டம். தென்னை, அதற்கு அப்பால் நீலக் கடல். கூட வந்த சென்னைக் குடும்பங்களையும் சேர்த்து எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் படமெடுக்க நான் பின்னாலேயே நகர்ந்தேன். காலடியில் கீற்று நொறுங்கியது. என்ன என்று குனிந்து பார்க்கத் தேவையே இல்லை. மேட்டுப்பாத்தி, மேலே கீற்று மூடாக்கு, கீழே ஈர மண், கால் சொல்லிவிட்டது. தெரிந்த பிறகும் இன்னும் இரண்டு எட்டு பின்னால் வைத்தேன். படத்துக்குள் கடல் முழுசாக வரவில்லை.

என் அப்பா வயசுக்காரர் ஒருவர் பூவாளியோடு ஓடி வந்தார். திட்டவில்லை. கீற்றைத் தூக்கிப் பார்த்தார். கத்தரி, அப்போதுதான் முளைத்து வளைந்து நின்றது. நசுங்கிக் கிடந்தது. சென்னைக் குடும்பங்கள் இரண்டும் என்னையே பார்த்தன. நான் மச்சானிடம் சொன்னேன்: "நாங்க டவுன்காரங்க, விவசாயமெல்லாம் தெரியாதுன்னு சொல்லுங்க மச்சான்." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அப்படியே இந்தியில் சொன்னார்.

பெரியவர் அதை நம்பினார். தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுப்பது தன் கடமை என்று நினைத்திருக்க வேண்டும். உட்கார்ந்து, ஒரு முளையைக் கிள்ளி என் உள்ளங்கையில் வைத்து, இது விதை, இப்படி முளைக்கும், மாதம் கழித்துப் பிடுங்கி நடுவோம், வெயிலுக்காக மூடியிருக்கிறோம் என்று பொறுமையாக விளக்கினார். மச்சான் வரிக்கு வரி தமிழில் சொன்னார். நானும் "ஓஹோ, அப்படியா" என்று தலையாட்டினேன். "அப்பா, நம்ம காட்டுலயும்..." என்று ஆரம்பித்த மகளின் கையை அழுத்திப் பிடித்தேன். எங்கள் வீட்டுப் பாத்திக்குப் பூவாளியில் தண்ணீர் தெளிக்கிறவளே அவள்தான்.

இருநூறு ரூபாய் கொடுத்தேன். வேண்டாம் என்றவர், நான் வற்புறுத்தவும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். என் காட்டில் மிதித்தவன் இருநூறு நீட்டியிருந்தால் முகத்தில் விட்டெறிந்திருப்பேன். விதை போய், தண்ணீர் போய், நடவு தள்ளிப்போய், சந்தையில் விலை இருக்கிற வாரம் கைதப்பிப்போவதன் கணக்கு எனக்குத் தெரியும்.

பழிக்குப் பயந்தேன் என்பது பாதிதான். அந்தச் சென்னைக்காரர்கள் முன்னால் மண்வெட்டி பிடிக்கிறவன் என்று தெரிய வேண்டாம் என்பதுதான் மீதி. கல்யாணத் தரகர் "மாப்பிள்ளை விவசாயம்" என்று சொன்னதுமே பெண் வீட்டார் டம்ளரைக் கீழே வைக்கிற காலத்தில் வளர்ந்தவன் நான். அதைச் சாக்காகச் சொல்லவில்லை. ஏனென்றால் என் எதிரில் உட்கார்ந்திருந்தவரும் அதே தொழில்காரர்தான், அவருக்கு அந்த வெட்கம் கொஞ்சமும் இல்லை.

கப்பலில் மகள் கேட்டாள், "ஏம்ப்பா தெரியாதுன்னு சொன்னே?" என்று. "சும்மா வா" என்றேன். இன்னும் பதில் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையை அவள் படிப்பாள்.

நீல் தீவுக்குப் போகிறவர்களுக்கும், எங்கள் அடிவாரம் வழியாக ஏற்காடு ஏறுகிறவர்களுக்கும், எனக்குத் தெரிந்த தொழிலைச் சொல்லிவிடுகிறேன். கீற்றோ வைக்கோலோ போர்த்திய நீள மேட்டைப் பார்த்தால் அதில் விதை போட்டிருக்கிறது. வாய்க்கால் ஓரமாகச் சுற்றிப் போங்கள். தவறி மிதித்துவிட்டால் காட்டுக்காரரைக் கூப்பிட்டு உடனே சொல்லுங்கள். புதிதாக முளைத்ததாக இருந்தால், மிதிபட்ட இடத்தைக் கிளறி அன்றைக்கே மறுபடி விதை தூவிவிடலாம்.