அம்மா போட்ட வயர்

உங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கும். யாரோ ஒரு மாமா வருவார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே தன்ரை கந்தோர் கணினிகளால் பெரிய தலையிடி என்பார். உடனே அம்மா சொல்லுவா: "எங்கடை பிள்ளைக்குக் கொம்பியூட்டர் தெரியும்." அவ்வளவுதான், உங்கள் சனிக்கிழமை போய்விட்டது.

எனக்கு அது இரண்டு வருஷத்துக்கு முந்தின பெப்ரவரியில் நடந்தது. அந்த மாமா வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவர். அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில்லில், ஷபனெல் வீதியில் ஒரு பழைய ஆலைக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் அவருடைய கந்தோர். கெபெக்கில் இருக்கிற நாங்கள் ஒட்டாவாவுக்கு ஒன்று, கெபெக்குக்கு ஒன்று என்று இரண்டு படிவம் அனுப்பவேண்டும், அநேகமானவர்களுக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. மாமாவிடம் மூன்று மேசைக் கணினிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கோப்புகள். ஒன்றிலிருந்து மற்றதற்கு யூஎஸ்பி குச்சியில்தான் கொண்டுபோவார்கள். முந்தின வருஷம் ஒரு அன்ரியின் புது விலாசத்தை ஒரு கணினியில் திருத்தி, பழைய விலாசத்தோடு இருந்த படிவத்தை இன்னொரு கணினியிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அவவுடைய காசோலை பழைய வீட்டுக்குப் போனது.

ஆகவே ஒரு சேர்வர். பெரிதாக நினைக்காதீர்கள். பழைய கணினி ஒன்றுக்குள் இரண்டு ஹார்ட் டிஸ்க் போட்டு, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும்படி செய்தேன். ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றது இருக்கும். (தெரியாமல் அழித்தால் இரண்டிலும்தான் அழியும். அதனால் வெளியே தனியாக ஒரு பிரதி கட்டாயம் வேண்டும்.) சேர்வருக்கு 192.168.1.10 என்று மாறாத முகவரி கொடுத்தேன். மாமாவின் கணினிகளில் விண்டோஸ் ஹோம் இருந்தது, அதை டொமைனில் சேர்க்க முடியாது. மூன்று பேருக்கு டொமைன் தேவையும் இல்லை. சேர்வரில் ஆளுக்கொரு பயனர் பெயர், ஒரு பகிர்வுக் கோப்புறை, காணும். எல்லாருக்கும் ஒரே கடவுச்சொல் போதும் என்று மாமா சொன்னார். அதற்கு மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. சனங்களின் சமூகக் காப்புறுதி இலக்கம் எல்லாம் அதற்குள் இருக்கிறது.

வயர் இழுக்கிற நாளில் அம்மா சாப்பாட்டுடன் வந்தா. அந்த வீதியில் அவ வேலை செய்திருக்கிறா என்பது எனக்குத் தெரியும், ஆனால் எங்கே என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஜன்னலால் எதிர்க் கட்டடத்தைக் காட்டி, "அந்த அஞ்சாம் மாடி. குளிருக்கை விடிய ஆறரைக்கு சோவே மெற்றோவிலை இறங்கி நடந்து வாறனான்" என்றா. ஷபனெல் ஒரு காலத்தில் மொன்றியலின் தையல் தெரு. 2005 ஜனவரி 1ஆம் திகதியோடு உலக நாடுகளுக்கிடையே இருந்த துணி இறக்குமதிக் கோட்டா முறை முடிந்தது. மலிவு உடுப்பு தாராளமாக வந்தது. அம்மாவின் வேலையும் அடுத்த வருஷமே போனது.

நான் நிலத்தில் இருந்து கேபிளின் நுனிக்கு ஆர்ஜே45 தலை போட முயன்றுகொண்டிருந்தேன். உள்ளே எட்டுச் சின்ன வயர். வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-மண்ணிறம், மண்ணிறம். இந்த வரிசை இரண்டு நுனியிலும் ஒன்றாக இருக்கவேண்டும். நாலு தலை பழுதாக்கிவிட்டேன். அம்மா கொஞ்ச நேரம் பார்த்தா. "விடு பிள்ளை" என்று வாங்கி, எட்டையும் விரலால் நீவி, சீராக வெட்டி, ஒரே தரத்தில் உள்ளே தள்ளினா. வரிசையை ஒருமுறைதான் சொன்னேன். அன்றைக்கு எல்லாத் தலையும் அவதான் போட்டா. சோதிக்கிற கருவியில் எட்டு விளக்கும் பச்சையாக எரிந்தன.

இரண்டு மாதம் நன்றாக ஓடியது. ஏப்ரல் 27 பின்னேரம் மாமா உதவிக்கு ஒருவரை எடுத்து, நாலாவது கணினியும் வைத்தார். எங்கள் ஸ்விட்சில் ஐந்து துளைதான்: மூன்று கணினி, சேர்வர், இணைய ரவுட்டர். இடமில்லை. நான் வீட்டில் கிடந்த பழைய ரவுட்டரைக் கொண்டுபோய், ஒரு கணினியைக் கழற்றி அந்தத் துளையில் அதைக் கொழுவி, மிச்ச இரண்டு கணினியையும் அதிலே குத்தினேன். வேலை செய்தது. எனக்குப் பெரிய சந்தோஷம்.

அடுத்த நாள் காலை மாமாவின் போன். "பிள்ளை, ரெண்டு கொம்பியூட்டர் சேர்வரைக் காணேல்லையாம். ஒருக்கா வந்து பாரும்." வாசலில் எட்டுப் பேர் இருந்தார்கள். நான் பார்த்தவுடன் சொன்ன முதல் வார்த்தை: "அது அம்மா போட்ட வயராயிருக்கும், மாமா." ஒரு யோசனையும் இல்லாமல் வாயில் வந்தது. இரண்டு கேபிளிலும் அம்மாவின் தலைகளை வெட்டி எறிந்துவிட்டு நான் புதிதாகப் போட்டேன். மூன்று தரம். ஒரு மாற்றமும் இல்லை.

பத்தரைக்குத்தான் ஐபிகான்ஃபிக் என்று அடித்துப் பார்க்கத் தோன்றியது. நீங்கள் இதை முதலிலேயே செய்யுங்கள். 169.254 என்று தொடங்கினால் கணினிக்கு முகவரி கொடுக்க யாரும் இல்லை என்று அர்த்தம். இங்கே வந்தது 192.168.0.105. சேர்வர் இருப்பதோ 192.168.1 இல். மூன்றாவது எண் வேறு. கணினியைப் போட்டதும் அது "எனக்கு ஒரு முகவரி தா" என்று எல்லாரிடமும் கேட்கும். அதற்குப் பதில் சொல்கிற வேலையின் பெயர் டிஎச்சிபி. ஒரு வலையமைப்பில் ஒருவர்தான் அந்த வேலையைச் செய்யவேண்டும். நான் கொண்டுவந்த பழைய ரவுட்டரிலும் அது நிற்பாட்டாமல் இருந்தது. பக்கத்தில் இருந்த இரண்டு கணினிக்கும் அதுவே முந்திக்கொண்டு பிழையான விலாசம் கொடுத்துவிட்டது. முந்தின நாள் பின்னேரம் கணினிகளிடம் பழைய முகவரி இருந்தபடியால் ஒன்றும் தெரியவில்லை.

ரவுட்டரில் டிஎச்சிபியை நிற்பாட்டி, கணினிகளைத் திரும்பப் போட்டேன். ஐந்து நிமிஷம்.

இரவு அம்மா கேட்டா, "என்ன, வயரோ பிழை?" மாமா சொல்லியிருக்கிறார் போல. இல்லை, நான் கொண்டுபோன ரவுட்டர் என்றேன். வயரை வெட்டினதையும் சொன்னேன். "ம்" என்றா. கொஞ்சம் பொறுத்து, "நீ போட்ட தலை நிக்குமோ?" என்று கேட்டா. நிக்காது என்றுதான் எனக்கும் பட்டது.

மே மாதம் முதல் சனிக்கிழமை இரண்டு பேரும் போனோம். அம்மா என் தலைகளை வெட்டி, தன்ரையைப் போட்டா. திரும்பத் திரும்ப வெட்டினதில் ஒரு கேபிள் கட்டையாகிவிட்டது, மேசைக்கு எட்டவில்லை. புதுக் கேபிள் இழுக்கலாம் என்றேன். மாமா மேசையை ஒரு அடி சுவர்ப்பக்கம் தள்ளினார். இன்றைக்கும் அது அங்கேதான் நிற்கிறது, ஜன்னல் பாதி மறைந்தபடி.