மிளகாய் வறட்டி

ஆபீஸ் வேலையாக ஜோஹன்னஸ்பர்க் போனவன், சனி ஞாயிறை ஓட்டல் ரூமில் டி.வி. பார்த்தே கழித்தால் பாவம் சேரும் என்று பட்டது. விமானம் ஏறினால் ரெண்டு மணி நேரத்துக்குள் கசானே. போட்ஸ்வானாவின் வடக்கு மூலையில் ஒரு குட்டி ஊர். அதை ஒட்டியே சோபே தேசியப் பூங்கா. டிக்கெட் விலையைக் கேட்டதும் லேசாக நெஞ்சு அடைத்தது. சிங்கத்தை நினைத்துக்கொண்டு கார்டைத் தேய்த்துவிட்டேன்.

விடியற்காலை, திறந்த ஜீப். ஓட்டுநரும் வழிகாட்டியும் ஒருவரே, நாற்பது வயசிருக்கும். அந்த ஊரில் ஆண்களை மரியாதையாக 'ரா' என்று கூப்பிடுகிறார்கள். ஆந்திரப் பக்கம் முன்பின் தெரியாதவரை அப்படிக் கூப்பிட்டால் அடி விழும். இங்கே நானும் அவரும் ஒருவரையொருவர் 'ரா' போட்டுக்கொண்டோம்.

சிங்கம் கிடைத்தது. புதருக்கடியில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு நாளில் இருபது மணி நேரம் வரைகூடத் தூங்குமாம்.

"இந்த வேலைக்கு எங்கே அப்ளிகேஷன் போடணும்?" என்றேன்.

"வேட்டைக்கும் அதிகமா பெண் சிங்கம்தான் போகும், ரா."

ஆசை இன்னும் கூடியது.

மத்தியானம் படகில் சோபே நதி. நடுவே புல் மண்டிய செடூடு தீவு. அது யாருக்குச் சொந்தம் என்று போட்ஸ்வானாவும் நமீபியாவும் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் வரை போய், 1999-ல் போட்ஸ்வானாவுக்குத் தீர்ப்பானது. யானைகள் தீர்ப்புக்காகக் காத்திருக்கவில்லை. தும்பிக்கையை மேலே நீட்டிக்கொண்டு அவை பாட்டுக்கு நீந்திப் போய் மேய்ந்தன.

செப்டம்பரில் காட்டுக் குட்டைகளெல்லாம் வற்றிவிடும். அத்தனை கூட்டமும் நதிக்குத்தான் வந்தாக வேண்டும். நூறு வரை எண்ணிவிட்டு நிறுத்தினேன். 2022 கணக்கெடுப்பில் போட்ஸ்வானாவில் சுமார் 1,30,000 யானைகள். ஜனங்களோ 24 லட்சத்துக்குள். அதாவது பதினெட்டுப் பேருக்கு ஒரு யானை!

ஒரு குட்டி சேற்றில் வழுக்கி விழ, அம்மா யானை தும்பிக்கையால் தூக்கி நிறுத்தியது.

"என்ன அழகு!" என்றேன்.

"ஆத்துல அழகுதான், ரா" என்றார்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அவராகவே சொன்னார். அவர் அம்மா இருப்பது நதியோரமாக மேற்கே ஒரு கிராமத்தில். போன வருஷம் சோளம் முற்றி அறுப்புக்கு நின்ற சமயம், ராத்திரி ஐந்து யானைகள். அம்மா குடிசைக்குள்ளிருந்து விடிய விடியத் தகரத்தைத் தட்டியிருக்கிறார். காலையில் வயலில் மிச்சம், காலடித் தடம்தான். அதற்கு முந்தின வருஷம், பக்கத்து வயல்காரர் யானையை விரட்ட வெளியே போனார். திரும்பி வரவில்லை.

நான் கேமராவை மடியில் வைத்துவிட்டேன்.

"என் பொண்ணு ஸ்கூல் ஃபீஸ் இந்த ஆனைங்களாலதான் வருது. அம்மா சோளம் இந்த ஆனைங்களாலதான் போகுது. அம்மாகிட்ட நான் என்னன்னு நியாயம் பேச?"

2014-ல் அங்கே யானை வேட்டைக்குத் தடை வந்தது. 2019-ல் தடையை நீக்கினார்கள். ரெண்டு முடிவையும் வெளியூரில் உட்கார்ந்து திட்ட ஆள் இருந்தது. தகரம் தட்டத்தான் யாரும் வரவில்லை.

"வேற வழியே இல்லையா?"

"மிளகாய்" என்றார்.

யானைச் சாணியில் மிளகாய்த்தூளைக் கலந்து கல் மாதிரி காயவைத்து, வயலோரம் பற்றவைக்கிறார்கள். புகை நெடிக்கு யானை தூரப் போகும். காற்று திசை மாறினால் போச்சு! நம் ஊர் வறட்டிதான், கொஞ்சம் காரமாக.

மறுநாள் புறப்படும்போது டிப்ஸ் கொடுத்தேன். அந்த நாட்டுப் பணத்துக்குப் பேர் புலா. மழை என்று அர்த்தம். கூடவே பெட்டியிலிருந்து ஒரு பொட்டலம். அம்மா கட்டிக்கொடுத்த மிளகாய்த்தூள், அரைக் கிலோ, பிரிக்கவே இல்லை. மோந்து பார்த்தவர் மூன்று தும்மல் போட்டார். கண்ணில் தண்ணீரோடு சிரித்தார்.

"இதுக்கு ஆனை நமீபியா வரைக்கும் ஓடும், ரா!"

அரைக் கிலோவில் ஒரு வயலைக் காப்பாற்ற முடியாது. அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இருந்தாலும் பத்திரமாகச் சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "பொடி தீர்ந்துடுத்தா? குழம்புக்கா, ரசத்துக்கா?"

"சோளக் காட்டுக்கும்மா" என்றேன்.