நாலாவது ஆளுக்கு மெடல் கிடையாது!

சின்னதா ஒரு டெஸ்ட் வைக்கலாமா? ஒலிம்பிக்ல தங்கம் ஜெயிச்ச மூணு பேரைச் சொல்லுங்க. கடகடனு வந்திருக்குமே! சரி, இப்போ நாலாவதா வந்த மூணு பேரைச் சொல்லுங்க பார்ப்போம். 1960 ரோம்ல மில்கா சிங், 1984 லாஸ் ஏஞ்சலஸ்ல பி.டி.உஷா... அப்புறம்? நம்ம நாட்டுக்காரங்களை விட்டுட்டு வேற நாட்டு ஆள் ஒருத்தர் பேராவது? கப்சிப்!

தப்பில்லை பாஸ். உலகமே அப்படித்தான். மேடையில படி மூணுதான். நாலாவது ஆள் நிக்க அங்கே இடம் கிடையாது. ஷூவைக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு பஸ் பிடிக்க வேண்டியதுதான்.

'இவ்வளவு விவரமா உனக்கு எப்படித் தெரியும்?'னு கேக்கறீங்களா? நான் அந்தக் கட்சியோட ஆயுள் உறுப்பினர்! காலேஜ்ல 5,000 மீட்டர் ஓடுவேன். மைதானத்தைப் பன்னிரண்டரை சுத்து வரணும். முதல் வருஷம் இன்டர்-காலேஜ் மீட்ல ஆறாவது. ரெண்டாவது வருஷம் நாலாவது. மூணாவது வருஷம் உயிரைக் கொடுத்து ஓடியும்... அதே நாலாவது. சர்டிஃபிகேட் முதல் மூணு பேருக்கு மட்டும்தான். "மெடல் போனா போகட்டும், பிஸ்கட் பாக்கெட்டாவது கொடுத்தாங்களா?"னு எங்கம்மா கேட்டாங்க. கொடுத்தாங்க. குளுக்கோஸ் பிஸ்கட்.

இப்போ எம்.காம் முடிச்சிட்டு ஓர் ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை. ஆனாலும் காலையில நாலே முக்காலுக்கு எழுந்து ஓடப் போறேன். தெரு நாய், பால்காரர், நான்... எங்க ஏரியாவுல அந்த நேரத்துல முழிச்சிருக்கிறது இவ்வளவு பேர்தான். "ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு சர்டிஃபிகேட்டும் இல்லை. வயசு 24 ஆச்சு. இன்னும் எதுக்கும்மா இந்த ஓட்டம்?"னு மாமா வீட்டுக்கு வர்றப்ப எல்லாம் கேட்பார். நல்ல மனுஷன். அக்கறையிலதான் கேக்கறார். பதில்தான் என்கிட்ட இல்லை. அப்படி முழிச்சுக்கிட்டு இருந்த நேரத்துலதான் டெஸ் லிண்டன் கதை என் கண்ணுல பட்டது.

முழுப் பேர் டெசிரே லிண்டன். கல்யாணத்துக்கு முன்னாடி டெசிரே டவிலா. 1983-ல பிறந்த கலிஃபோர்னியாக்காரர். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துல படிக்கும்போது ஓடினார். அங்கே அவர் ஒண்ணும் சூப்பர் ஸ்டார் கிடையாது. படிப்பு முடிஞ்சதும் மிச்சிகன் மாநிலத்துக்குப் போய் 'ஹான்சன்ஸ்' குழுவுல சேர்ந்தார். ஓட்டக்காரங்களுக்கான ஷூ கடை நடத்துற அண்ணன் தம்பி ரெண்டு பேர் ஆரம்பிச்ச குழு அது. காலேஜ்ல பெரிசா ஜொலிக்காத பசங்களைச் சேர்த்து, தங்க வீடு கொடுத்து, மாரத்தான் பயிற்சி கொடுத்தாங்க.

அவர் ஓடின முதல் மாரத்தான், 2007 பாஸ்டன். 1897-ல ஆரம்பிச்ச போட்டி அது. ஹாப்கின்டன்கிற சின்ன ஊர்ல தொடங்கி, பாஸ்டன் நகரத்துக்குள்ள முடியும். மொத்தம் 42.195 கிலோமீட்டர். டெஸ் அதை 2 மணி 44 நிமிடம் 56 விநாடியில ஓடி முடிச்சார். 18-வது இடம். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கலை.

நாலு வருஷம் கழிச்சு, அதே பாஸ்டன். 2011. கடைசித் தெருவுல கென்யாவின் கரோலின் கிலெலும் டெஸ்ஸும் மாறி மாறி முந்தறாங்க. ஒருத்தர் முந்தினா அடுத்த நிமிஷம் இன்னொருத்தர். ரோட்டோரம் நின்ன கூட்டம் கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருக்கும். கிலெல் 2 மணி 22 நிமிடம் 36 விநாடி. டெஸ் 2 மணி 22 நிமிடம் 38 விநாடி. வெறும் ரெண்டே விநாடி! அந்த வேகத்துல அது சுமார் 10 மீட்டர் தூரம். நம்ம டவுன் பஸ்ஸோட நீளம்தான். 42 கிலோமீட்டர் ஓடிட்டு, ஒரு பஸ் நீளத்துல தோத்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

அடுத்தது 2012 லண்டன் ஒலிம்பிக். எந்த ஓட்டக்காரருக்கும் கனவு மேடை. தொடை எலும்புல விழுந்த விரிசலோட நின்ன டெஸ், சில கிலோமீட்டர்லயே போட்டியை விட்டு வெளியே வந்துட்டார். அப்புறம் நொண்டி நொண்டி மறுபடியும் முதல்லேர்ந்து. 2014 பாஸ்டன்ல பத்தாவது. 2015 பாஸ்டன்ல... கரெக்ட், நாலாவது! 2016 ரியோ ஒலிம்பிக்ல ஏழாவது. 2017 பாஸ்டன்ல மறுபடியும் நாலாவது. அந்த வருஷமே தைராய்டு கோளாறு வேற படுத்தி எடுத்திருக்கு. கொஞ்ச காலம் ஓட்டத்தையே நிறுத்தி வைக்கிற நிலைமை. 2023-ல வந்த தன்னோட நினைவு நூல்ல அந்தக் கஷ்டத்தைப் பத்தி மனசு விட்டு எழுதியிருக்கார்.

இப்போ வருது 2018 ஏப்ரல் 16. பாஸ்டன்ல அன்னிக்குக் கொட்டுற மழை. எதிர்க்காத்து ஆளைத் தள்ளுது. குளிர், 5 டிகிரி செல்சியஸைத் தொடுமா தொடாதாங்கிற அளவுக்கு. உலகத் தரத்துல இருக்கிற ஓட்டக்காரங்களே விரல் விறைச்சுப்போய், நடுங்கிக்கிட்டு, பாதியில விலகறாங்க. டெஸ்ஸுக்கும் ஆரம்பத்துல இருந்தே உடம்பு ஒத்துழைக்கலை. 'இன்னிக்கு நம்ம நாள் இல்லை'னு முடிவே பண்ணிட்டார்.

பக்கத்துல ஓடிக்கிட்டு இருந்தவர் ஷலேன் ஃப்ளானகன். முந்தின வருஷம் நவம்பர்லதான் நியூயார்க் மாரத்தானை ஜெயிச்சிருந்தார். பாஸ்டன் இருக்கிற மாசசூசெட்ஸ் மாநிலத்துலயே வளர்ந்தவர். அன்னிக்கு எல்லாருடைய எதிர்பார்ப்பும் அவர் மேலதான். டெஸ் அவர்கிட்ட, 'நான் எப்படியும் விலகிடுவேன் போல இருக்கு. உனக்கு ஏதாவது உதவி வேணும்னா சொல்லு, காத்தை மறைச்சுக்கிட்டு முன்னாடி ஓடறேன்'கிற அர்த்தத்துல சொல்லியிருக்கார். பாதி தூரம் நெருங்கும்போது ஷலேன் அவசரமா ரோட்டோரக் கழிப்பறைக்குள்ள ஓடினார். டெஸ் என்ன பண்ணினார் தெரியுமா? வேகத்தைக் குறைச்சு, அவர் வர்ற வரைக்கும் காத்திருந்தார். வந்ததும் கூடவே ஓடி, முன்னாடி போன கூட்டத்தோட சேர உதவினார். போட்டியாளருக்கு!

அது முடிஞ்சதும் இன்னொரு அமெரிக்க வீராங்கனை மாலி ஹடில் பின்தங்கறதைப் பார்த்தார். அவருக்கும் துணைக்கு ஓடினார். இப்படி மத்தவங்களுக்குக் காத்தை மறைச்சு ஓடிக்கிட்டே வந்தவர், ஒரு கட்டத்துல நிமிர்ந்து பார்த்தா, தான் மூணாவதோ நாலாவதோ இடத்துல இருக்கறதை உணர்ந்தார். இந்த இடத்துல இருந்துக்கிட்டு யாராவது விலகுவாங்களா? அடுத்தவங்களுக்காக ஓடினதுல தனக்கே கால் திரும்பக் கிடைச்சதா அப்புறம் சொன்னார்.

ரொம்ப தூரம் முன்னாடி போயிருந்த எத்தியோப்பியாவின் மாமிட்டு தஸ்காவையும் பிடிச்சு முந்தினார். எல்லைக்கோட்டுக்கு வந்தப்போ பின்னாடி ஒருத்தரையும் காணோம். நாலு நிமிஷத்துக்கும் மேல வித்தியாசம்! நேரம் 2 மணி 39 நிமிடம் 54 விநாடி. 1978-க்கு அப்புறம் பாஸ்டன்ல ஜெயிச்ச பெண்கள்லயே இதுதான் ரொம்ப மெதுவான நேரம். கவனிச்சீங்களா? டெஸ் மாரத்தான்ல தன் வாழ்நாள்லயே வேகமா ஓடினது, 2011-ல தோத்த அன்னிக்குத்தான். ஜெயிச்ச அன்னிக்கு ஓடினது அதைவிட 17 நிமிஷம் மெதுவா. கடிகாரத்துக்கும் வெற்றிக்கும் பேச்சுவார்த்தையே இல்லை போல!

அன்னிக்கு ரெண்டாவதா வந்தவர் கதை இன்னும் சூப்பர். சாரா செல்லர்ஸ். அரிசோனாவுல முழுநேர வேலை பார்க்கிற மயக்கவியல் நர்ஸ். தன் கைக்காசைப் போட்டுப் பேர் கொடுத்து, ரெண்டாவது மாரத்தானா அதை ஓட வந்தவர். தான் ரெண்டாவது இடம்னு சொன்னப்போ அவரே நம்பலையாம். காலையில ஓடிட்டு ஆபீஸுக்கு ஓடுற என்னை மாதிரி ஆளுங்களுக்கு இவர் குலசாமி.

பாஸ்டன்ல ஓர் அமெரிக்கப் பெண் ஜெயிச்சது 33 வருஷத்துக்கு அப்புறம் அன்னிக்குத்தான். அதுக்கு முன்னாடி, 1985-ல ஜெயிச்சவர் லிசா லார்சன் வைடன்பாக். யார் இவர்னு தேடிப் பார்த்தேன். தூக்கிவாரிப் போட்டது. அமெரிக்காவுல ஒலிம்பிக் மாரத்தானுக்கு ஆள் எடுக்க ஒரு தகுதி ஓட்டம் வைப்பாங்க. அதுல முதல் மூணு பேருக்குத்தான் டிக்கெட். லிசா 1984-ல நாலாவது. 1988-ல நாலாவது. 1992-லயும் நாலாவது! மூணு ஒலிம்பிக், மூணு தடவையும் ஒரே ஓர் இடத்துல வாசல் சாத்தியாச்சு. நம்ம கட்சியோட நிரந்தரத் தலைவியா இவரை ஏகமனதா முன்மொழியறேன்.

சரி, டெஸ் ஜெயிச்சதோட கதையை முடிச்சா அழகா இருக்கும். 'விடாமுயற்சி விஸ்வரூப வெற்றி'னு காலண்டர்ல அச்சடிக்கலாம். ஆனா, அதுக்கப்புறமும் அவர் ஓடினாரே! 2020 பிப்ரவரி, அட்லாண்டா. டோக்கியோ ஒலிம்பிக்குக்கான தகுதி ஓட்டம். முதல் முறையா மாரத்தான் ஓட வந்த மாலி சைடல் ரெண்டாவது இடத்தைத் தட்டிட்டுப் போறார். மூணாவது சாலி கிப்யேகோ. பாஸ்டன் சாம்பியன் டெஸ் லிண்டன், 11 விநாடி வித்தியாசத்துல... நாலாவது!

எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். ஏன்னா, தோத்துட்டே இருக்கிறவங்களுக்கு நாம சொல்ற ஒரே ஆறுதல், 'ஒருநாள் ஜெயிப்பே'ங்கிறதுதான். அந்த ஒருநாள் வந்து, ஜெயிச்சு, மாலை மரியாதை எல்லாம் முடிஞ்ச பிறகும் நாலாவது இடம் வரும்னா, அப்போ எதை வெச்சு ஓடறது?

டெஸ் என்ன பண்ணினார்னு பாருங்க. அதே வருஷம், கொரோனாவுல போட்டியெல்லாம் ரத்தாகிக் கிடந்தப்போ, அக்டோபர் மாசம் முழுக்கத் தேதிக்குத் தக்கபடி ஓடினார். ஒண்ணாம் தேதி 1 மைல், ரெண்டாம் தேதி 2 மைல், 31-ம் தேதி 31 மைல். கூட்டிப் பார்த்தா 496 மைல், கிட்டத்தட்ட 800 கிலோமீட்டர். கைதட்ட ஸ்டேடியம் கிடையாது, மேடை கிடையாது. அடுத்த ஏப்ரல்ல, 2021-ல, ஓரிகன் மாநிலத்துல 50 கிலோமீட்டர் தூரத்தை 2 மணி 59 நிமிடம் 54 விநாடியில ஓடி உலக சாதனை! 3 மணி நேரத்துக்குள்ள அந்தத் தூரத்தை ஓடின முதல் பெண் அவர்தான். ஒலிம்பிக் வாசல் சாத்தினா என்ன, ரோடு நீளமாத்தானே கிடக்கு?

2025 ஏப்ரல்ல, 41 வயசுல, பாஸ்டன் மாரத்தானோட தன் தொழில்முறை மாரத்தான் வாழ்க்கையை முடிச்சுக்கறதா அறிவிச்சார். அன்னிக்கு 17-வது இடம். 2007-ல முதல் மாரத்தான்ல 18-வது! இத்தனை வருஷத்துல ஓர் இடம் முன்னேற்றம்னு கிண்டல் பண்ணலாம். ஆனா 18 வருஷம் கழிச்சு, முதல் தடவையைவிட 18 நிமிஷத்துக்கும் மேல வேகமா அதே ரோட்டுல ஓடியிருக்கார்ங்க! மாரத்தானுக்குத்தான் டாட்டா. அதைவிட நீளமான ஓட்டங்கள் பக்கம் போயிட்டார்.

எங்க கிரவுண்டுக்கு இப்போ ரெண்டு ஒன்பதாம் கிளாஸ் பொண்ணுங்க காலையில வருதுங்க. "அக்கா, நீங்க முன்னாடி ஓடுங்கக்கா, நாங்க உங்களைப் பிடிக்கிறோம்"னு சொல்லும்ங்க. காத்தை நான் வாங்கிக்க, பின்னாடியே மூச்சிரைக்க ரெண்டும் ஓடி வரும். அதுல குட்டையா இருக்கிறவ போன வாரம் கடைசி சுத்துல என்னை அசால்ட்டா முந்திட்டா. கோபம் வரணும்தானே? வரலை. அன்னிக்குத்தான் காலேஜ் நாள்லகூட ஓடாத நேரத்துல 5,000 மீட்டரை முடிச்சிருந்தேன்.

அதனால, மாமா அடுத்த தடவை வந்து கேட்டா சொல்றதுக்குப் பதில் ரெடி. "அந்தப் பொண்ணுங்களுக்குக் காத்தை மறைக்க ஆள் வேணும் மாமா." சர்டிஃபிகேட் தர மாட்டாங்கதான். ஆனா வேலை இருக்கு.

அடுத்த மாசம் எங்க ஊர்ல 10 கிலோமீட்டர் ஓட்டம். நாங்க மூணு பேருமே பேர் கொடுத்துட்டோம். விசாரிச்சதுல ஒரு குட் நியூஸ். பரிசு இந்தத் தடவை முதல் அஞ்சு பேருக்காம். நமக்குத்தான் நாலு கியாரன்ட்டி ஆச்சே!