ஒன்பது மணிக்கு வந்த பதினோரு மணிச் செய்தி

2004 முதல் 2007 வரை வயோமிங் மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் டாக்டராக இருந்தேன். ஜே-1 விசாவில் வந்து ரெசிடென்ஸி என்ற மருத்துவமனைப் பயிற்சியை முடித்த டாக்டர்கள் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். இல்லையென்றால், டாக்டர் கிடைக்காத ஊரில் மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும். நியூயார்க் நகரத்து புரூக்ளினில் பெட்டியைக் கட்டிக்கொண்டு நாங்கள் வயோமிங் வந்தது அப்படித்தான்.

அங்கே எப்போதும் கூட இருந்தது காற்று ஒன்றுதான். கிளினிக்கிலிருந்து வீடு வருவதற்குள் மனிதர்களைவிட மான்களை அதிகம் பார்ப்பேன். சுற்றிலும் மலை என்பதால் கூரை ஆன்டெனாவில் புள்ளிதான் தெரியும். டிஷ் மாட்ட வந்தவர், "உங்கள் வீட்டுக்கு நியூயார்க் சேனல்கள் தர சட்டத்தில் இடம் இருக்கிறது" என்றார். என் மனைவி அவருக்கு இரண்டாவது முறையும் காபி கொடுத்தாள்.

அமெரிக்காவில் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் ஆகிய நெட்வொர்க்குகள் எல்லாமே அந்தந்த வட்டாரத்து நிலையம் வழியாகத்தான் வரும். வெளியூர் நிலையத்தை டிஷ் கம்பெனி விற்பதாக இருந்தால், உள்ளூர் சிக்னல் எட்டாத வீட்டுக்கு மட்டுமே விற்கலாம் என்று 1988-இல் ஒரு சட்டம் வந்தது. டாக்டர் எட்டாத ஊர் என்பதால் எனக்கு அங்கே வேலை கிடைத்தது. சிக்னல் எட்டாத வீடு என்பதால் நியூயார்க் கிடைத்தது.

நியூயார்க்கில் மணி பதினொன்று என்றால் எங்களுக்கு ஒன்பது. தட்டில் ரசம் சாதத்தோடு உட்கார்ந்தால், சேனல் நாலில் சக் ஸ்கார்பரோவும் சூ சிம்மன்ஸும் செய்தி வாசிக்க வருவார்கள். ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தில் நெரிசல், எஃப் ரயில் தாமதம், அதன் பிறகு வானிலை. பனி கொட்டினால், "நாளை பார்க்கிங் விதி நிறுத்தம்" என்று ஓர் அறிவிப்பு வரும். புரூக்ளினில் தெரு பெருக்கும் நாளில் அந்தப் பக்கத்துக் கார்களை எடுத்துவிட வேண்டும். ராத்திரி டியூட்டி முடிந்து வந்து, பெருக்கும் வண்டி போகும்வரை ஸ்டீயரிங்கில் தலை சாய்த்துத் தூங்கிய காலைகள் எத்தனையோ. வயோமிங்கில் எங்கள் வாசலில் இருபது கார் நிறுத்தலாம். ஆனாலும் அந்த அறிவிப்பைக் கேட்டதும், "அப்பாடா, நாளைக்குத் தூங்கலாம்" என்று மனசு சொல்லும்.

2006 நவம்பரில் டிஷ் கம்பெனியிடமிருந்து கடிதம் வந்தது. தகுதி இல்லாத வீடுகளுக்கும் வெளியூர் சேனல்களைக் கம்பெனி விற்றுவிட்டது என்று உள்ளூர் நிலையங்களும் நெட்வொர்க்குகளும் புளோரிடா ஃபெடரல் நீதிமன்றத்தில் பல வருடம் வழக்காடி ஜெயித்திருந்தன. டிசம்பர் 1 முதல் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பது தீர்ப்பு. தகுதியோடு வாங்கியவர்களும் அந்த 'யாருக்கும்' என்ற சொல்லுக்குள் அடங்கிப்போனோம். நெல்லுக்கும் புல்லுக்கும் சேர்த்தே மடையை அடைத்துவிட்டார்கள்.

டிசம்பர் 1, வெள்ளிக்கிழமை. ஒன்பது மணிக்குப் பழக்கதோஷத்தில் ரிமோட்டை அழுத்தினேன். சேனல் இல்லை. கூரையில் பனி மூடியிருக்குமோ என்று துடைப்பத்தோடு வெளியே போய் டிஷ்ஷைத் தட்டிவிட்டு வந்தேன். கடிதத்தைப் படித்தவன்தான் நான், கைக்குத் தெரியவில்லை. பக்கத்திலிருந்த இன்னொரு டிஷ்ஷில் சென்னையிலிருந்து மெகா சீரியல் எந்தத் தடையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எட்டாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து மாமியார் அழுவது வயோமிங்குக்குக் கேட்டது; புரூக்ளினில் பனி பெய்கிறதா என்பது தெரியவில்லை.

விட்டுப்போன தொடர்களை டிவிடி வாங்கிப் பார்த்துக்கொள்ளலாம். நேற்றைய வானிலை அறிக்கைக்கு டிவிடி கிடையாது.

2010-இல் சட்டம் மாறி வெளியூர் சேனல்களை விற்க அந்தக் கம்பெனிக்கு மறுபடி வழி கிடைத்தது. 2019-இல் நாடாளுமன்றம் சலுகையைச் சுருக்கியது; 2020 நடுவில் பெரும்பாலான வீடுகளுக்கு அதுவும் நின்றுபோனது. உள்ளூரில் ஒரு நெட்வொர்க்குக்கு நிலையமே இல்லாத பகுதிகளுக்கும், லாரி ஓட்டுபவர்களுக்கும், மோட்டார் வீட்டில் சுற்றுபவர்களுக்கும் மட்டும் இன்னும் உண்டு. ஊர் ஊராகச் சுற்றுபவர்களைச் சட்டம் நினைத்துப் பார்த்திருக்கிறது. ஒரே ஓர் ஊரை விட்டு வந்தவர்களுக்கு அதில் இடமில்லை.