ஹேங்கரைக் காட்டுங்கள்

பறக்கும் பயிற்சிப் பள்ளிக்குள் நுழைந்தால் முதலில் உட்காரவைப்பது ஏ.சி. அறையில்தான். சுவர் முழுக்கத் தோளில் பட்டைக் கோடுகளோடு சிரிக்கும் பழைய மாணவர்கள். மேசைமேல் வழவழப்பான கையேடு. ‘கவுன்சிலர்’ என்ற பெயரில் ஒரு விற்பனைக்காரர். தேநீர் வரும், பின்னாலேயே கட்டணப் பட்டியலும் வரும். விமானங்களை நிறுத்தும் ஹேங்கர் எந்தப் பக்கம் என்று கேட்டால் மட்டும், “இன்னிக்கு செக்யூரிட்டி பாஸ் இல்லையே சார்” என்பார்.

என் அக்கா மகள் பெங்களூரில் மென்பொருள் வேலையில் இருக்கிறாள். ஏர்லைன் வேலைக்குப் போகும் எண்ணமெல்லாம் அவளுக்கு இல்லை. சொந்தக் காசில் ஒரு சின்ன விமானத்தைத் தானே ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். அதற்கு வாங்க வேண்டியது பி.பி.எல். என்கிற தனிநபர் விமானி உரிமம். வயது 17 ஆகியிருக்க வேண்டும், பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், மருத்துவச் சான்று வேண்டும், எழுத்துத் தேர்வுகள் உண்டு, குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு கூலி வாங்கி யாரையும் ஏற்றிச் செல்ல முடியாது. “ஊர் ஊரா பட்டறை பட்டறையாப் போய் எழுதுறீங்களே மாமா, இதுக்கும் கூட வாங்க” என்றாள். போனேன்.

கையேட்டில் ஒன்பது விமானம் என்று போட்டிருந்த ஒரு பள்ளியில், கவுன்சிலர் தொலைபேசியோடு வெளியே போன நேரம் பார்த்து ஹேங்கர் பக்கம் நடந்தோம். பறக்கும் நிலையில் இருந்தவை மூன்று. ஒன்றுக்கு இன்ஜினே இல்லை. மற்றொன்றின் சக்கரத்தில் காற்று இறங்கி, இறக்கைமேல் புறா எச்சம் காய்ந்து கிடந்தது. மீதியெல்லாம் அமெரிக்காவிலிருந்து உதிரிபாகம் வரக் காத்திருப்பதாகச் சொன்னார்கள். மாணவர்கள் நாற்பது பேர். திரும்பும் வழியில் அக்கா மகள் கைபேசியிலேயே கணக்குப் போட்டாள். ஒரு விமானம் நாளைக்கு ஐந்து மணி நேரம், மாதத்துக்கு 24 நாள் பறக்கிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் மூன்றும் சேர்ந்து 360 மணி நேரம். தலைக்கு ஒன்பது. வணிக விமானி உரிமத்துக்கு வேண்டிய 200 மணி நேரத்தை அந்தக் கணக்கில் முடிக்க 22 மாதம் ஆகும். வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையைச் சேர்த்திருக்கும் அப்பாக்களிடம் இந்தக் கணக்கை யாரும் சொல்வதில்லை.

பொழுதுபோக்குக்காகக் கற்க வருகிறவர் பாடு இன்னும் மோசம். இந்தியப் பள்ளிகள் பெரும்பாலும் ஏர்லைன் வேலைக்குப் போகிறவர்களுக்காகவே நடக்கின்றன. 2023-இல் இண்டிகோ ஒரே மூச்சில் 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தது, ஏர் இந்தியா 470. அதன் பிறகு வரிசை எப்படி நீண்டிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு விமானம் பழுதானால் முதலில் ரத்தாவது சனி ஞாயிறு மட்டும் வருகிறவரின் நேரம்தான். மூன்று வாரம் இடைவெளி விழுந்தால் அடுத்த பாடத்தின் பாதி, மறந்ததை மீட்பதிலேயே போய்விடும். சட்டம் 40 மணி நேரம் என்றாலும் பலருக்கு அதைத் தாண்டிப் போவது இதனால்தான்.

ஏ.சி. அறையே இல்லாத ஒரு பள்ளியும் பார்த்தோம். தக்காணப் பீடபூமியில் ஒரு சிறிய ஓடுபாதை, தகரக் கூரை போட்ட ஹேங்கர், வாசலில் காற்றின் திசை காட்டும், சாயம் போன துணிப்பை. பராமரிப்புப் பொறியாளர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ஏ.எம்.இ. எனப்படும் விமானப் பராமரிப்புப் பொறியாளர் உரிமம் வாங்கி இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. நாங்கள் தமிழில் பேசியதைக் கேட்டு, கையைத் துணியில் துடைத்தபடி அவரே வந்தார். அன்று ஒரு செஸ்னா 152-க்கு நூறு மணி நேரச் சோதனை. மூக்கின் தகடுகளைக் கழற்றித் தரையில் வரிசையாக வைத்திருந்தார்கள்.

“இது எந்த வருஷத்து விமானம் அண்ணா?” என்று அக்கா மகள் கேட்டாள்.

“எல்லாரும் இதைத்தாம்மா கேக்குறாங்க. வயசைக் கேட்டு என்ன செய்யப் போறீங்க? இன்ஜின் கடைசியா எப்போ ஓவர்ஹால் ஆச்சு, அதுக்கப்புறம் எத்தனை மணி நேரம் ஓடியிருக்குன்னு கேளுங்க.”

அவர் சொல்வது சரி. செஸ்னா 152-இன் தயாரிப்பு 1985-லேயே நின்றுவிட்டது. உலகில் எந்தப் பள்ளியில் பார்த்தாலும் அதற்கு வயது நாற்பதாவது ஆகியிருக்கும். கழற்றி, பார்த்து, மாற்றி, எழுதிவைத்துக்கொண்டே வந்தால் ஓடும்.

எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி, தகர டப்பா திறப்பதுபோல ஒரு கத்தியால் சுற்றி அறுத்தார். உள்ளே கொசுவம் வைத்த காகிதம். அதை நீளமாக விரித்து, கரைப்பானில் அலசி, வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். பிறகு ஒரு காந்தத்தை மெல்ல ஓட்டினார். தூள் ஒட்டினால் இரும்பு, கேம் தண்டுப் பக்கம் தேய்மானம் என்று அர்த்தம். ஒட்டாமல் மினுக்கினால் அலுமினியம், பிஸ்டன் பக்கம் பார்க்க வேண்டும். அன்று எதுவும் ஒட்டவில்லை. அதையும் தேதி போட்டு எழுதினார்.

அடுத்தது சிலிண்டர் அழுத்தம். ஒரு பையன் புரொப்பல்லரை இறுகப் பிடித்துக்கொள்ள (விட்டால் கையை முறித்துவிடும்), ஸ்பார்க் பிளக் துளை வழியாக 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றை விட்டார்கள். எவ்வளவு நிற்கிறது என்பதை இன்னொரு முள் காட்டும். முதல் சிலிண்டர் 76, அடுத்தது 74, மூன்றாவது 75. நான்காவதில் முள் 58-இல் நின்றது. பொறியாளர் குனிந்து புகைக்குழாயின் வாயில் காதை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். மெல்லிய சீறல் கேட்டது. எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை. எண்ணெய் ஊற்றும் வாயில் சீறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கும் என்றார்.

பத்தரை மணிக்கு அந்த விமானம் ஒரு மாணவருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அலுவலகத்திலிருந்து ஆள் வந்து எப்போது கிடைக்கும் என்று கேட்டார். “இன்னிக்கு இல்ல. நாளைக்கும் சந்தேகம்.” மாணவர் வெளியூரிலிருந்து லீவு போட்டு வந்திருக்கிறார் என்று அலுவலக ஆள் இழுத்தார். சத்தம் கேட்டுத் தலைமைப் பயிற்றுநர் வந்தார், அந்த 58-ஐப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் போய் வெள்ளைப் பலகையில் அந்த விமானத்தின் எழுத்துகளை அழித்துவிட்டு வந்தார். பள்ளியைத் தேர்ந்தெடுப்பது பற்றி நான் தெரிந்துகொண்டதில் முக்கால்வாசி அந்த ஒரு நிமிடத்தில்தான். பொறியாளர் ‘இல்லை’ என்றால் அந்தச் சொல் அங்கே நிற்குமா என்பதைத்தான் பார்க்க வேண்டும். விமானம் எத்தனை, கட்டணம் எவ்வளவு என்பதெல்லாம் பிறகு.

பழுதுகளை எழுதும் புத்தகத்தை அவர்கள் ‘ஸ்னாக் புக்’ என்கிறார்கள். பறந்து இறங்கிய ஒவ்வொருவரும் கண்ட குறையை அதில் எழுத வேண்டும். பிரேக் இடது பக்கம் இழுக்கிறது, ரேடியோவில் இரைச்சல், இருக்கை நழுவுகிறது என்று அந்த ஹேங்கரில் பக்கம் பக்கமாக இருந்தது. எதிரிலேயே சரிசெய்த தேதியும் கையெழுத்தும். முன்பு பார்த்த ஒரு பள்ளியில் அதே புத்தகம் ஒரு மாதமாகச் சுத்தமாக இருந்ததைக் கவுன்சிலர் பெருமையாகக் காட்டினார். நாற்பது வருட விமானத்தில் மாதம் முழுக்க ஒரு குறையும் இல்லை என்றால், எழுத யாருக்கோ தைரியம் இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

எரிபொருள் போடுகிற பெரியவரையும் சொல்ல வேண்டும். இறக்கைக்கு அடியில் ஒரு கண்ணாடிக் குழாயைக் குத்தி, கொஞ்சம் பிடித்து, வெளிச்சத்தில் பார்ப்பார். ஏவ்கேஸ் 100 எல்.எல். இளநீல நிறம். அடியில் தண்ணீர் நின்றால் கோடு போட்டதுபோலத் தெரியும். இந்த எரிபொருளை நெடுங்காலம் வெளிநாட்டிலிருந்துதான் வரவழைத்தோம். 2022-இல்தான் இந்தியன் ஆயில் இங்கே தயாரித்து விற்கத் தொடங்கியது. டயமண்ட் டி.ஏ.40 ரகத்தில் டீசல் இன்ஜின் வைத்தவை ஜெட் எரிபொருளிலேயே ஓடும், பெரிய நிலையங்களில் அவற்றுக்குத் தட்டுப்பாடு வராது. பள்ளியில் எந்த விமானம், அதன் எரிபொருள் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது வீண் ஆர்வமல்ல. ஏவ்கேஸ் லாரி வராத வாரத்தில் செஸ்னாக்கள் தரையில்தான் நிற்கும்.

எடை பார்க்கும் மெஷின் ஒன்றும் வாசலில் இருந்தது. செஸ்னா 152 தூக்கக்கூடிய மொத்த எடை 757 கிலோ. விமானத்தின் எடை, முழு டேங்க் இரண்டும் போனால் ஆட்களுக்கு மிஞ்சுவது சுமார் 175 கிலோ. பயிற்றுநர் நல்ல ஆகிருதி, மாணவரும் அப்படியே என்றால் எரிபொருளைக் குறைத்தாக வேண்டும். பெங்களூர்ப் பக்கம் நிலமே 3000 அடி உயரம். 32 டிகிரி வெயிலில் காற்று மெலிந்து, 110 குதிரைத்திறன் இன்ஜினுக்கு அது 5700 அடி போல ஆகிவிடும். ஓடுபாதை நீண்டுகொண்டே போக, விமானம் எழ மனமில்லாமல் எழும். அதனால்தான் நல்ல பயிற்றுநர்கள் புதியவர்களுக்குக் காலை ஆறரை மணி நேரத்தைக் கொடுக்கிறார்கள், மதிய வெயிலில் கூப்பிடுவதில்லை. மெஷினில் ஏறச் சொல்லாத பள்ளியை நான் நம்பமாட்டேன்.

பயிற்றுநர்கள் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. இளையவர்கள் பலர் ஏர்லைன் வேலை கிடைக்கும்வரை மணி நேரம் சேர்க்க வந்தவர்கள். நல்லவர்களாகவும் இருக்கலாம், அடுத்த மாதம் போய்விடவும் கூடும். பாதியில் ஆள் மாறினால் புதியவர் பழைய பாடத்தைத் திரும்பச் செய்யச் சொல்வார், மீட்டர் நம் பணத்தில் ஓடும். யாரிடம் கற்கப் போகிறோம், அவர் எத்தனை மாதம் இருப்பார் என்று நேராகவே கேட்கலாம், அவர்கள் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தத் தகரக் கூரைப் பள்ளியில் ஒரு மாணவன் தரையிறங்கும்போது மூன்று முறை குதித்துக் குதித்து வந்தான். பயிற்றுநர் திட்டவில்லை. இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். கையில் ஒரு மர விமானப் பொம்மையை வைத்துக்கொண்டு, “எங்கே பார்த்துக்கொண்டிருந்தாய்?” என்று மட்டும் கேட்டார். மூக்குக்கு முன்னால் ஓடும் தரையை என்றான். ஓடுபாதையின் கடைக்கோடியைப் பார்த்தால்தான் உயரம் புரியும் என்று பொம்மையை மேசைமேல் திரும்பத் திரும்ப இறக்கிக் காட்டினார். பறந்ததைவிட இந்தப் பேச்சு நீண்டது. அதற்குக் கட்டணமும் இல்லை.

பெரிய விமான நிலையத்தோடு ஒட்டிய பள்ளிகளில் வேறொரு தொல்லை. பறப்பு நேரத்தைச் சக்கரக் கட்டையை எடுத்ததிலிருந்து திரும்ப வைக்கும்வரை கணக்கிடுகிறார்கள். முன்னால் ஏர்பஸ் ஒன்று நின்றால், இன்ஜின் ஓட ஓட இருபது நிமிடம் காத்திருப்பதும் நம் கணக்கில்தான். கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு ரேடியோவில் பேசிப் பழகலாம், அது லாபம். அந்தப் பழக்கத்துக்கு 40 மணி நேரத்தில் எவ்வளவு கொடுக்கலாம் என்பது அவரவர் பர்ஸைப் பொறுத்தது.

விமானப் போக்குவரத்து இயக்ககமான டி.ஜி.சி.ஏ. 2025 அக்டோபரில் பயிற்சிப் பள்ளிகளைத் தரம் பிரித்து வெளியிட்டது. முதல் பட்டியலில் ஏ பிரிவுக்கு ஒரு பள்ளியும் எட்டவில்லை. பி-யில் 13, சி-யில் 22. ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். பார்க்க வேண்டிய பட்டியல்தான், ஆனால் சனிக்கிழமை மட்டும் வருகிற அக்கா மகளுக்கு விமானம் கிடைக்குமா என்பது அதில் தெரியாது.

பெங்களூர் ஜக்கூரில் அரசுப் பறக்கும் பயிற்சிப் பள்ளி 1948-இல் தொடங்கியது. அங்கே முதலில் தேறி வந்தவர்களில் ஒருவர் சென்னையில் பிறந்த உஷா சுந்தரம். 1951-இல் கணவர் சுந்தரத்தோடு சேர்ந்து, மதராஸ் அரசு வாங்கிய டவ் விமானத்தை லண்டனிலிருந்து பம்பாய்க்கு ஓட்டி வந்தவர். அந்தத் தகரக் கூரை ஹேங்கரின் திண்ணையில் உட்கார்ந்து நான் இதைச் சொன்னபோது அக்கா மகளுக்குத் தெரிந்திருக்கவில்லை. பொறியாளருக்குத் தெரிந்திருந்தது.

அவள் அந்தத் தகரக் கூரைப் பள்ளியில்தான் சேர்ந்தாள். அங்கே பறக்கும் நிலையில் இருப்பவை நான்கு, மாணவர்கள் பதினெட்டுப் பேர். மொத்தப் பணத்தையும் முன்கூட்டிக் கேட்கவில்லை, பத்து மணி நேரத்துக்கு மட்டும் கட்டச் சொன்னார்கள். மணிக்குப் பத்தாயிரத்துக்கு மேல் ஆகிற விஷயத்தில் இது பெரிய வித்தியாசம். முழுத்தொகை கட்டினால் தள்ளுபடி என்று ஆசை காட்டும் இடங்களில், பள்ளி நின்றுபோனால் பணத்தை எப்படித் திருப்புவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். எழுதித் தராவிட்டால் எழுந்து வந்துவிடலாம். அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நிறக்குருடும் இதயத் துடிப்புக் கோளாறும் மருத்துவர் சொல்லும்வரை பலருக்குத் தெரிவதில்லை. டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் இரண்டாம் வகுப்புச் சான்று வாங்கி அது கைக்கு வரும்வரை, எவ்வளவு நல்ல பள்ளியாக இருந்தாலும் ஒரு ரூபாய் கட்ட வேண்டாம்.