அல்ஜீப்ராவா, ஜியாமெட்ரியா?

நிக்கல் என்றால் ஐந்து சென்ட், டைம் என்றால் பத்து சென்ட் என்பது எங்கள் மகளுக்குத் தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரையை எழுத வேண்டிய அவசியமே நேர்ந்திராது. நிக்கலும் டைமுமாக நாற்பது நாணயங்கள், மொத்த மதிப்பு இரண்டு டாலர் எழுபத்தைந்து சென்ட், எனில் ஒவ்வொன்றிலும் எத்தனை? விருதுநகரில் தமிழ்வழியில் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் 97 வாங்கியவள் அவள். இரண்டு மாறிகளில் இரண்டு சமன்பாடுகள், நீக்கல் முறை, நான்கு வரிகளில் முடிந்துபோகும் கணக்கு. ஆனால் அமெரிக்க மண்ணில் கால் வைத்து ஐந்து நாட்களே ஆகியிருந்தன. அந்த நாணயங்களைக் கையில் வாங்கிப் பார்த்ததுகூட இல்லை. பார்த்திருந்தாலும் பெரிய பயன் இராது. டைமின் மேல் பத்து என்ற எண் எங்கும் பொறிக்கப்பட்டிருக்காது, அளவிலும் அது ஐந்து சென்ட் நாணயத்தைவிடச் சிறியது. விடைத்தாளில் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு வந்தாள். அதைப் போல் இன்னும் ஆறேழு கணக்குகள்.

2013 நவம்பரில் நாங்கள் நியூஜெர்சிக்கு வந்து சேர்ந்தோம். மகளின் தாய்மாமன் 2001-இல் எங்களுக்காக விண்ணப்பித்தபோது அவளுக்கு மூன்று வயது. உடன்பிறந்தாருக்கான வரிசை அவ்வளவு நீளம். விசா கைக்கு வந்தபோது அவள் பதினொன்றாம் வகுப்பில் காலாண்டுத் தேர்வை எழுதி முடித்திருந்தாள். எங்களில் ஒருவர் அச்சகத்தில் கணக்கர், மற்றவர் தமிழாசிரியை. மென்பொருள் துறைக் குடும்பங்களைப் போல் இரண்டு ஆண்டுகள் திட்டமிட்டு, சிபிஎஸ்இ பள்ளிக்கு மாற்றி, ஆங்கிலத்தைத் தீட்டிக் கூர்மையாக்கிக்கொண்டு வந்தவர்கள் அல்லர் நாங்கள்.

பள்ளியில் சேர்க்கப் போன அன்று முதலில் நீட்டப்பட்ட தாள், வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டது. ஆங்கிலம் என்று எழுதிவிடுங்கள், இல்லையேல் பிள்ளையைத் தனி வகுப்பில் தள்ளிவிடுவார்கள் என்று மைத்துனர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார். எங்களில் ஒருவர் அதற்கு ஆயத்தமாகவே இருந்தார். பேனா மற்றவர் கையில் இருந்தது. 'தமிழ்' என்று எழுதினோம். (இருபது ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்துவிட்டு அந்தக் கட்டத்தில் வேறெதை எழுதுவது என்று அன்று மாலை வீட்டில் சிறு சண்டையே நடந்தது.) அந்த ஒரு சொல்லால் கேட்டல், பேசுதல், படித்தல், எழுதுதல் என நான்கு திறன்களிலும் சோதனை நடந்தது. ஆறு நிலைகளில் இரண்டாம் நிலை என்று முடிவாயிற்று.

இதைச் சொல்லும்போதே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தாளின் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கிலம் அறியாத சீனப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,800 பேர் எந்த உதவியுமின்றி வகுப்பில் வெறுமனே உட்கார வைக்கப்பட்டிருந்தார்கள். ஒரே புத்தகம், ஒரே ஆசிரியர், ஒரே மேசை என்பதாலேயே சமத்துவம் வந்துவிடாது என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 'லாவ் எதிர் நிக்கல்ஸ்' என்று வழக்கின் பெயர். நிக்கல்ஸ் என்ற பெயரைப் படித்தபோது நாங்கள் இருவரும் சிரித்துவிட்டோம். நாணயம் எங்களை விடுவதாக இல்லை.

மொழி வகுப்பில் வைத்திருக்கிறோம், விருப்பமில்லையெனில் மறுக்கலாம் என்று பெற்றோருக்கு எழுதி அறிவிப்பது சட்டப்படி பள்ளியின் கடமை. இரண்டு வாரத்துக்குள் கடிதம் வந்தது. மறுத்துவிடலாமா என்று மகளையே கேட்டோம்.

"வேணாம்ப்பா. அந்த கிளாஸ்ல மட்டும்தான் நான் பேசினா யாரும் சிரிக்க மாட்டாங்க."

மொழி வகுப்பைவிடக் கணக்குதான் எங்களை உலுக்கியது. வழிகாட்டி ஆசிரியை நல்ல பெண்மணி. அவர் பொறுப்பில் பல நூறு மாணவர்கள். அத்தனை பேருக்கும் நடுவில் எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்கினார். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ஐந்தே வரிகள். தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல்.

"இந்தக் கணிதம் அல்ஜீப்ராவா, ஜியாமெட்ரியா?" என்று கேட்டார்.

இரண்டும்தான் என்றோம். அவருக்கு அது விடையாகப் படவில்லை. அவர் குழப்பம் எங்களுக்குப் புரியவே சில வாரங்கள் பிடித்தன. நம் ஊரில் கணிதம் என்பது ஒரே மரம். ஆறாம் வகுப்பிலிருந்து ஆண்டுதோறும் எல்லாக் கிளைகளும் கொஞ்சம் கொஞ்சமாக வளரும். சமச்சீர்க் கல்விப் பத்தாம் வகுப்பு நூலில் கணங்களும் சார்புகளும், தொடர்வரிசைகள், அணிகள், ஆயத்தொலை வடிவியல், முக்கோணவியல், நிகழ்தகவு எல்லாம் ஒரே அட்டைக்குள் இருந்தன. அமெரிக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் அவை தனித்தனிப் பெட்டிகள். முதல் அல்ஜீப்ரா ஓராண்டு, ஜியாமெட்ரி ஓராண்டு, இரண்டாம் அல்ஜீப்ரா ஓராண்டு, அதன் பிறகே கால்குலஸுக்கான முன்படி. எங்கள் மகள் மூன்று பெட்டிகளிலும் பாதிக்கு மேல் கற்றிருந்தாள், எந்தப் பெட்டியின் பெயரும் அவள் சான்றிதழில் இல்லை. அறிவியலிலும் இதே கதை: இயற்பியல், வேதியியல், உயிரியல் எல்லாம் ஒரே வரிக்குள் ஒடுங்கிக் கிடந்தன.

பெயர் இல்லாவிட்டால் கிரெடிட் இல்லை. நியூஜெர்சியில் பள்ளிப் படிப்பை முடிக்க 120 கிரெடிட் வேண்டும். ஆண்டு முழுதும் நடக்கும் பாடம் ஒன்றுக்குப் பொதுவாக 5. கிரெடிட் என்ற இந்த அளவுகோலின் பூர்வீகம் வேடிக்கையானது. 1905-இல் எஃகு வணிகர் ஆண்ட்ரூ கார்னகி, கல்லூரிப் பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காக ஒரு கோடி டாலர் கொடுத்தார். எது கல்லூரி, எது அல்ல என்று பிரித்தறிய வேண்டியிருந்தது. மாணவர் சேர்க்கைக்கு இத்தனை அலகு உயர்நிலைப் படிப்பு கேட்பதே கல்லூரி என்று அந்த அறக்கட்டளை வரையறுத்தது. ஓர் அலகு என்பது ஏறக்குறைய 120 மணி நேர வகுப்பு. பேராசிரியர்களின் முதுமைக்கென வந்த கணக்கு, ஒரு நூற்றாண்டு கழித்து விருதுநகர்ப் பெண்ணைப் பார்த்து, என்ன கற்றாய் என்று கேட்காமல், எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாய் என்று கேட்டது.

பத்தாம் வகுப்பில் சேர்த்தார்கள். முதல் அல்ஜீப்ரா கொடுத்தார்கள். அப்படியே விட்டால் பன்னிரண்டாம் வகுப்பு முடியும்போது கால்குலஸின் வாசலைக்கூட அவள் மிதித்திருக்க மாட்டாள். பொறியியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை, எங்களுடையது அல்ல. அதனால்தான் பதற்றம் கூடுதலாக இருந்தது. எட்டாம் வகுப்பில் படித்த பாடத்தை மறுபடியும் படிக்கிறோம் என்று அவள் ஒருநாளும் முறையிடவில்லை. வீட்டுப்பாடத்தைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வாள். வெளியே பனி. அந்த மௌனம் எங்கள் இருவரையும் இரவில் தூங்கவிடவில்லை.

விருதுநகரில் அவளுடைய தாத்தா இருந்தார். எழுபத்திரண்டு வயது. தொலைபேசியில் விஷயத்தைச் சொன்னதும், "என்னென்ன வேணும்னு எழுதி அனுப்பு, நான் பாத்துக்கிறேன்" என்றார். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பாடத்திட்டம், வாரத்துக்கு எத்தனை பாடவேளை, ஒவ்வொன்றும் எத்தனை நிமிடம், பதினொன்றில் எந்த நாள் வரை வருகை என்று எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வித்தார். தலைமையாசிரியரின் அறைக்கு ஐந்து முறை நடந்து, பக்கத்துக்குப் பக்கம் கையொப்பமும் முத்திரையும் வாங்கி அனுப்பிவைத்தார். கூரியர் உறையைப் பிரித்தபோது முத்திரை மையின் வாசனை வந்தது. அந்தக் கட்டை வழிகாட்டி ஆசிரியையின் மேசையில் வைத்த அன்றுதான் அவர் எங்களோடு சமமாகப் பேசினார் என்பது எங்கள் எண்ணம். தவறாகவும் இருக்கலாம்.

இதற்கிடையில் கணித ஆசிரியரே ஒன்றைக் கவனித்திருந்தார். ஜனவரிக் கடைசியில் ஒருநாள் பள்ளி முடிந்த பிறகு அவளை உட்காரவைத்து, முந்தைய ஆண்டின் இரண்டாம் அல்ஜீப்ரா இறுதித் தேர்வைக் கொடுத்திருக்கிறார். புரியாத ஆங்கிலச் சொல் எதுவானாலும் கேள், விடையை மட்டும் கேட்காதே என்றாராம். ஒன்பது சொற்கள் கேட்டாளாம். பிப்ரவரியில் அவளை இரண்டாம் அல்ஜீப்ராவுக்கு மாற்றினார்கள். ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தை முதல் அல்ஜீப்ராவாக ஏற்றார்கள். ஜியாமெட்ரியை மட்டும் ஏற்க மறுத்துவிட்டார்கள். 2014 கோடையில் பணம் கட்டிப் படித்து முடித்தாள். தேல்ஸ் தேற்றத்தை இரண்டாம் முறையாக நிறுவினாள்.

தமிழுக்கு என்ன ஆயிற்று என்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் நண்பர்கள் கேட்கக்கூடும். இரண்டு தாள்கள், செய்யுள், உரைநடை, இலக்கணம், 96 மதிப்பெண். பள்ளிப் பதிவேட்டில் அது 'உலக மொழி – 5 கிரெடிட்' என்று ஒரு வரியாயிற்று. வீட்டில் பேசும் மொழி உலக மொழி ஆகிவிட்டதே, உயர்வுதானே என்று எங்களில் ஒருவர் சொல்லிப் பார்த்தார். மற்றவர் சிரிக்கவில்லை. இரண்டு மொழிகளில் தேர்ச்சி பெற்றோருக்குப் பட்டயத்தில் முத்திரை பதிக்கும் சட்டத்தைக் கலிபோர்னியா 2011-இலேயே இயற்றியது. நியூஜெர்சியில் 2016-இல்தான் வந்தது. அதே ஆண்டு ஜூனில் மகள் பள்ளியை முடித்தாள், கால்குலஸோடு, முத்திரை இல்லாமல்.

இத்தோடு முடித்திருந்தால் இது வெற்றிக் கதையாகிவிடும். ஆனால் மொழி வகுப்பில் அவளருகே இருந்த பெண்ணைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2014 இலையுதிர் காலத்தில் ஹொண்டூராஸிலிருந்து வந்தவள். மத்திய அமெரிக்காவிலிருந்து பல்லாயிரம் பிள்ளைகள் துணையின்றி எல்லையைக் கடந்த ஆண்டு அது. அவளுக்கு வயது பதினேழு. ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோயிருந்தது. கையில் ஒரு தாளும் இல்லை. தாள் இல்லாவிட்டாலும் பள்ளி அவளைச் சேர்த்தே ஆகவேண்டும். குடியேற்ற ஆவணம் இல்லை என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் பள்ளிக் கதவை அடைக்கலாகாது என்று 1982-இல் டெக்சாஸ் வழக்கொன்றில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பாயிற்று. கதவு திறந்தது. ஒன்பதாம் வகுப்பு, சுழியம் கிரெடிட். 120 சேர்க்க நான்கு ஆண்டுகள். அப்போது வயது இருபத்தொன்று ஆகியிருக்கும். இலவசப் பள்ளிக்கு இங்கே வயது வரம்பு இருபது. இந்தக் கழித்தலைச் செய்ய அவளுக்கு எந்த அல்ஜீப்ராவும் தேவைப்படவில்லை.

அவளுக்காக ஐந்து முறை தலைமையாசிரியர் அறைக்கு நடக்க யாரும் இல்லை. அவள் ஆறு ஆண்டுகள் கற்றதற்குச் சாட்சி சொல்லும் முத்திரை எங்குமில்லை. எங்கள் மகளுக்கு இழைக்கப்பட்டதாக நாங்கள் இரவெல்லாம் பேசித் தீர்த்த அநீதி, அவள் கண்ணுக்கு எப்படிப்பட்டதாகத் தெரிந்திருக்கும் என்று பிற்பாடு யோசித்திருக்கிறோம். அப்போது யோசிக்கவில்லை. மாலையில் ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவிவிட்டுக் காலையில் முதல் பாடவேளையில் தூங்கிவிடுவாள் என்று மகள் சொல்வாள். எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்திருக்கிறாள். தோசையைக் கையால் பிட்டுத் தின்றாள், சட்னியைத் தொடவில்லை.

இரண்டாவது குளிர்காலத்தில் வருவது நின்றுவிட்டது. மகள் அழைத்துப் பார்த்தாள், எண் மாறியிருந்தது.

சென்ற மாதம் வீடு மாற்றும்போது தாத்தாவின் காகிதக் கட்டுக்கு அடியில் ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் அகப்பட்டது. ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்திகள். நடுவில் ஆங்கிலம். இடப்புறம் அந்தப் பெண்ணின் சாய்ந்த கையெழுத்தில் ஸ்பானிஷ், கீழே மகள் தமிழ் எழுத்தில் குறித்த உச்சரிப்பு: எகுவாசியோன், ட்ரியாங்குலோ, ராயிஸ் குவாத்ராதா. வலப்புறம் சமன்பாடு, முக்கோணம், வர்க்கமூலம். முதல் பக்கத்தின் தலையில் நான்கு நாணயங்களை வட்டமாக வரைந்து, உள்ளே 1, 5, 10, 25 என்று பெரிதாக எழுதியிருந்தாள். பதினெட்டாம் பக்கம் வரை மூன்று பத்திகளும் நிறைந்திருந்தன. அதன் பிறகு சில பக்கங்கள் வலப்புறத்தில் மட்டும்.